எந்த ஆறு மணி?

என் ஜெனரேட்டர் நிற்பது
இரண்டு பேட்டைகளுக்கு நடுவில்.
தெருவுக்கு இந்தப் பக்கம் அறுபத்திரண்டு வீடு,
அந்தப் பக்கம் நாற்பத்தொன்பது.
போர்க்காலத்தில் இந்தத் தெருவைக் கடந்தவர்கள்
குனிந்து ஓடித்தான் கடந்தார்கள்.
இப்போது என் வயர்கள் நிதானமாகக் கடக்கின்றன,
துணிக்கொடி மாதிரி தொய்ந்து.

பெய்ரூட்டில் அரசாங்கக் கரண்ட்
சொல்லாமல் வரும், உட்காராமல் போகும்.
மிச்ச இருட்டுக்கு நான்.
மாலை ஆறுக்குப் போடுவேன்,
நள்ளிரவுக்கு அணைப்பேன்.
வீட்டுக்கு ஐந்து ஆம்பியர். டாலரில் மட்டும்.

மார்ச் கடைசி.
கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் ராத்திரி
வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது
மேலிடத்திலிருந்து ஓர் அறிவிப்பு:
நோன்பு முடியட்டும், அப்புறம் தள்ளலாம்.
மாதாகோவில் சொன்னது: நாங்கள் இப்போதே தள்ளுவோம்.
டிவி சேனல்கள் ஆளுக்கொரு மணி காட்டின.
போன்கள் யாரையும் கேட்காமல்
தாமே முடிவெடுத்தன.
ஞாயிறு காலை என் இடது பையில் பத்து,
வலது பையில் பதினொன்று.

இது மணியைப் பற்றிய சண்டை இல்லையென்று
எல்லோருக்கும் தெரியும்.
மணியைப் பற்றித்தான் என்று
எல்லோரும் சொன்னார்கள்.

மாலையில் தானியோஸ் பேக்கரியிலிருந்து
மாவுக் கையோடு வந்தார்.
"ஆறாச்சு வஜ்தி, போடு."
எதிர் பால்கனியில் ருதைனா:
"ஐந்துதானே ஆகிறது!
இப்போதே போட்டால் பதினொன்றுக்கே அணைப்பாய்.
நாங்கள் என்ன, கோழிகளா?"
வெயில் இன்னும்
அவள் காயப்போட்ட துணிகளில் இருந்தது.

நான் விளக்கிப் பார்த்தேன்.
ஐந்திலிருந்து பதினொன்று, ஆறிலிருந்து பன்னிரண்டு:
கழித்தால் இரண்டும் ஆறு.
நோன்பு திறப்பது சூரியனைப் பார்த்து,
சூரியன் சுற்றறிக்கை படிப்பதில்லை,
எந்த மணி வைத்தாலும் பசி அதே நீளம்.
டீசலுக்குத் தெரிந்ததோ லிட்டர் மட்டும்.
"நீ எந்தப் பக்கம்?" என்றார் தானியோஸ்.
"அதைச் சொல் முதலில்" என்றாள் ருதைனா.
என் நேரம் சரியில்லை என்றேன்.
அந்த வாரம் அது ஜோசியம் இல்லை, செய்தி.

நர்ஸ் ஹியாம் மட்டும் சிரித்தாள்.
வீடு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்.
"போகும்போது ஒரு மணி மூப்பாகிறேன்,
திரும்பும்போது இளமையாகிறேன்.
சம்பளம் மட்டும் இரண்டு கரையிலும் அதேதான்."

யாரோ ஒரு பொடியன் என் தகரக் கதவில்
சாக்குக்கட்டியால் இரண்டு கடிகாரம் வரைந்து
ஒன்றின்மேல் பிறை, ஒன்றின்மேல் சிலுவை வைத்தான்.
முட்கள் இரண்டிலும் ஒரே இடத்தில்.
மணி பார்க்கத் தெரியாத வயது.

கடைசியில் முதல் ஆறுக்கே போட்டேன்,
இரண்டாம் நள்ளிரவுக்கு அணைத்தேன்.
நாளுக்கு ஏழு மணி நேரம்.
கூடுதல் டீசல் என் கையிலிருந்து.
ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்.
முதல் மணியில் பாதிப் பேர்
பகல் வெளிச்சத்திலேயே விளக்கை எரித்தார்கள்,
தங்கள் ஆறு மணி பிறந்துவிட்டதென்று
எதிர் வீட்டுக்குக் காட்ட.
கடைசி மணியில் மற்ற பாதிப் பேர்
தூங்கிய பிறகும் எரியவிட்டார்கள்.

புதன் ராத்திரி மேலிடம் மனம் மாறி
நாடு முழுக்க ஒரே மணியானது.
இரண்டு பைகளிலும் ஒரே எண்.
யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.
தானியோஸ் ரொட்டி சுட்டார்.
ருதைனா துணி எடுத்தாள்.

மாதக் கடைசியில் பில் போட்டேன்.
வழக்கமான தொகை, கீழே ஒரு வரி:
கூடுதல் நான்கு மணி நேரம்.

நூற்றுப் பதினொரு வீடும் இறங்கி வந்தது.
மாவுக் கையும் சோப்புக் கையும்
ஒரே சீட்டை ஆளுக்கொரு முனையில் பிடித்திருக்க
அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்:
"எந்த நான்கு மணி நேரம்?"